செல்லுமா, செல்லாதா? ஒரு பழைய நோட்டின் கதை

ஹாலிஎல பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அப்பாயியின் றங்குப்பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு நூறு ரூபா நோட்டு கிடைத்தது. நாலாக மடித்தது, ஓரம் பழுத்துப்போனது, 1960களின் திகதியிட்டது. நம் கூட்டத்தில் உடனே ரெண்டு கட்சி. "இது கள்ள நோட்டுடா" என்றது ஒன்று. "வித்தா லட்சம் வரும்" என்றது மற்றது. சரி, பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். தாளுக்குள்ளேயே சிங்க உருவம் தெரிந்தது. நீர்க்குறி தாள் செய்யும்போதே உள்ளே உருவாவது. மேலே அச்சடித்த போலி என்றால் ஒரு பக்கம் மட்டும் தூக்கலாகத் தெரியும். அடுத்து விரல் நுனியால் தடவினோம். செதுக்கிய தகட்டில் அழுத்தி அச்சடித்த மை லேசாகத் தடிப்பாக இருக்கும். பிறகு பூதக்கண்ணாடி. நல்ல நோட்டில் கோடுகள் அறுபடாமல் ஓடும், பிரிண்டரில் எடுத்ததில் புள்ளி புள்ளியாகச் சிதறும். கடைசியாக ஊதா விளக்கு. இன்றைய வெள்ளைத் தாள் நீலமாகப் பளிச்சிடும், பழைய பருத்தித் தாள் மங்கலாகவே கிடக்கும். ஒரு எச்சரிக்கை: சட்டைப் பையோடு சோப்புத் தண்ணியில் விழுந்த நல்ல நோட்டும் பளிச்சிடும். அதனால் ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நம் நோட்டு எல்லாத்திலும் தேறிவிட்டது. அசல்தான். ஆனால் செல்லாது.

1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா, புழக்கத்தில் இருந்த 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாததாக்கினார். பதுக்கிய கறுப்புப் பணத்தை வெளியே இழுப்பதுதான் நோக்கம். கொடுத்த தவணைக்குள் வங்கியில் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பாயி ஏன் மாற்றவில்லை? செய்தி எட்டவில்லையா, வங்கிக்குப் போகப் பயமா? கேட்க இப்போது அவர் இல்லை.

அசல் நோட்டு செல்லாமல் போவது அதற்கும் முன்னமே நடந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் தனியார் வங்கிகளே நோட்டு வெளியிட்டன. அவற்றில் பெரியது ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன். 1869இல் கோப்பி இலைநோய் வந்தது. தோட்டங்கள் சரிந்தன, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியும் ஆட்டங்கண்டது. 1884 மே 3ஆம் திகதி அது கதவைச் சாத்தியது. தாளும் அதே தாள், மையும் அதே மை. முந்தின நாள் பணம், மறுநாள் கேள்விக்குறி. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்ததால்தான் பீதி அடங்கியது. அதே ஆண்டு சட்டம் வந்தது. 1885இல் இருந்து அரசாங்கமே நோட்டு வெளியிட்டது.

அப்போ நோட்டு என்பது என்ன? ஒரு வாக்குறுதி. தாளைப் பரிசோதித்தால் அச்சடித்தது யார் என்று தெரியலாம். வாக்கைக் காப்பாற்றுவாரா என்று தெரியாது.

நம் ஆட்களுக்கு இது புதுசில்லை. மலையகத்தில் இன்னொரு தாளும் இருந்தது. அதற்குப் பேர் 'துண்டு'. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு. ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதர்களைக் கடனோடு கைமாற்றிய அந்தத் தாளை எந்த விளக்கில் பிடித்தாலும் அசல்தான். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம். இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். ஆள் அசல், தாளில்தான் செல்லாது.

நூறு ரூபா நோட்டை விற்கவில்லை. வீட்டில் பழைய நோட்டு இருந்தால் நீங்களும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. அசலா போலியா என்று பார்த்த கையோடு, அதை ஒளித்து வைத்தது யார், ஏன் மாற்றவில்லை என்றும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. நாங்க கேட்கப் பிந்திவிட்டோம்.