அடமானம் கேட்காத பணம்

மலர்க் குழுவினர் என்னிடம், "பழைய நினைவுகள் நிறைய வந்துவிட்டன. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். ஆகவே ஹாஸ்டல் சாம்பாரை மற்ற நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன். நம்ம காலேஜில் இயற்பியல் படித்துவிட்டு, மருத்துவக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனங்களிலேயே காலம் கழித்தவன் நான். அந்தத் தொழிலுக்குள் வர நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இது. நடந்தது அமெரிக்காவில். அதன் விதை பிறகு நம் நாட்டிலும் விழுந்தது.

ஒரு மருத்துவக் கருவி வெறும் யோசனையாக இருக்கும்போது அதற்கு யார் பணம் தருவார்கள்? நான் வேலை பார்த்த ஒரு சிறு கம்பெனியில் மாதிரிக் கருவி ஒன்று மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. கடன் கேட்டுப் போன முதலாளியிடம் வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "நிலம், வீட்டுப் பத்திரம் ஏதாவது இருக்கா சார்?" என்பதுதான். வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரார் பணத்துக்கு அவர்கள் பொறுப்பு. முதலீட்டாளர்களோ, "கருவி வேலை செய்யும்னு நிரூபிச்சுட்டு வாங்க" என்பார்கள். நிரூபிக்கத்தானே ஐயா பணம் வேணும்! இந்த முடிச்சில் சிக்கி மூச்சுவிட்ட கருவிகள் எத்தனையோ.

இருபது பைசா சட்டம்

முடிச்சை அவிழ்க்க வழி கண்டவர் ஓர் அரசு அலுவலர். ரோலண்ட் டிபெட்ஸ் என்று பெயர். சிறு தொழில்நுட்பக் கம்பெனிகளில் இருந்து பழகியவர். 1970களில் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அரசின் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. சின்னக் கம்பெனிக்காரர்களிடமும் சரக்கு இருக்கிறது என்று நம்பிய டிபெட்ஸ், அவர்களுக்கென்று ஒரு சோதனைத் திட்டம் வகுத்தார். அது 1977இல் நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தின் அழகு அதன் படிகளில் இருக்கிறது. முதல் கட்டத்தில் சிறு தொகை, சுமார் ஆறு மாதம். யோசனை சாத்தியமா என்று மட்டும் பார்க்க வேண்டும். தேறினால் இரண்டாம் கட்டம்: பெரிய தொகை, சுமார் இரண்டு வருஷம், மாதிரிக் கருவி செய்ய. மூன்றாம் கட்டம் சந்தை. அதற்கு இந்தத் திட்டத்தின் பணம் கிடையாது. நிறுவனமே வெளியில் திரட்டிக்கொள்ள வேண்டும். கருவி தோற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஜெயித்தால் அரசு பங்கு கேட்பதுமில்லை. பேடன்ட் உரிமையும் நிறுவனத்திடமே இருக்கும். அடமானமாகக் கேட்டது நல்ல யோசனை ஒன்றைத்தான்.

இதை நாடு முழுவதற்குமான சட்டமாக்க முனைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பல்கலைக்கழகங்கள், "எங்கள் ஆராய்ச்சிப் பணத்தில் கைவைக்கிறீர்களே" என்றன. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் இதற்கென்று புதுப் பணம் ஒதுக்கப்படவில்லை. இருக்கிற ஆராய்ச்சிப் பணத்திலிருந்துதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடைசியில் செனட்டர் வாரன் ரட்மன் போன்றோரின் முயற்சியால் சட்டம் நிறைவேறியது. 1982 ஜூலை 22 அன்று ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் தரும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பங்கு 0.2 சதவீதம். நம் கணக்கில் நூறு ரூபாய்க்கு இருபது பைசா! அந்த இருபது பைசாவுக்குத்தான் அத்தனை சண்டை. அது 1997இல் இரண்டரை ரூபாயாகவும், 2017இல் மூன்று ரூபாய் இருபது பைசாவாகவும் வளர்ந்தது. எஸ்.பி.ஐ.ஆர். என்பது திட்டத்தின் சுருக்கப் பெயர்.

பல்லும் கண்ணும்

மருத்துவத் துறைக்கு இதனால் என்ன கிடைத்தது? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் எங்கல், ராய் மார்ட்டின் என்று இரண்டு பேராசிரியர்கள். அதிர்வைக் கொண்டு பல்லின் அழுக்குப் படிவத்தை நீக்கலாம் என்பது அவர்கள் யோசனை. டேவிட் ஜூலியானி என்ற எஞ்சினியர் அவர்களுடன் சேர்ந்தார். 1980களின் கடைசியில் ஒரு குட்டிக் கம்பெனி பிறந்தது. அதற்குத் தேசிய சுகாதார நிறுவனங்களின் எஸ்.பி.ஐ.ஆர். மானியம் கிடைத்தது. மின்னழுத்தத்தில் அதிரும் பீசோ படிகத்தை வைத்துத்தான் முதலில் முயன்றார்கள். கடைசியில் காந்தத்தால் இயங்கும் முறைக்கு மாறினார்கள். இப்படிப் பாதையை மாற்றிப் பார்க்கும் வசதி கடன் வாங்கியவனுக்கு எங்கே கிடைக்கும்? வட்டி ஓடிக்கொண்டே இருக்குமே! 1992இல் 'சோனிகேர்' பல் துலக்கி வெளிவந்தது. நிமிடத்துக்குச் சுமார் 31,000 தடவை அசையும். 2000இல் பிலிப்ஸ் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

அடுத்தது கண். லேசர் கொண்டு பார்வையைத் திருத்தும் சிகிச்சையில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு அசையாமல் பார்க்கச் சொன்னாலும் கண்மணி துள்ளிக்கொண்டே இருக்கும். ஃப்ளோரிடாவின் அட்டானமஸ் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனம், இலக்கைப் பின்தொடரும் லேசர் ராடார் நுட்பத்தைக் கண்ணுக்குப் பயன்படுத்தியது. இதற்கு உதவிய எஸ்.பி.ஐ.ஆர். பணம் வந்தது எங்கிருந்து தெரியுமா? ஏவுகணைத் தடுப்பு ஆராய்ச்சியிலிருந்து! விநாடிக்கு 4,000 தடவை கண்ணின் இருப்பிடத்தைப் பார்த்து, லேசரை அதற்கேற்பத் திருப்பும் அந்தக் கருவிக்கு 1998இல் அனுமதி கிடைத்தது.

குறைகளும் உண்டு

எல்லாம் வெல்லம் என்று சொல்ல மாட்டேன். சந்தைக்கு எதையும் கொண்டுவராமல், மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாக வைத்துக்கொண்ட கம்பெனிகளும் உருவாயின. மருத்துவக் கருவிக்கு மாதிரி செய்வதைவிட, நோயாளிகளிடம் சோதித்து அனுமதி வாங்குவதற்குத்தான் அதிகம் செலவாகும். இரண்டாம் கட்டப் பணம் தீர்ந்தும் மூன்றாம் கட்டப் பணம் வராத அந்தப் பள்ளத்தாக்கில் விழுந்தவர்கள் பலர்.

சப்ரினா ஹோவல் என்ற பொருளாதார ஆய்வாளர், எரிசக்தித் துறை கொடுத்த இதே வகை மானியங்களை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார். முதல் கட்டச் சிறு தொகை பெற்ற நிறுவனங்களுக்கு, பிறகு தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. இரண்டாம் கட்டப் பெருந்தொகையால் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. துறை வேறுதான். ஆனாலும் என் அனுபவத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. சரியான நேரத்தில் வரும் ஒரு குடம் தண்ணீர், பயிர் காய்ந்த பிறகு வரும் ஏரித் தண்ணீரைவிட மேல்.

இந்தத் திட்டத்துக்கு நிரந்தர ஆயுளும் இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் துண்டு துண்டான நீட்டிப்புகளில் காலம் தள்ளியது. 2025 செப்டம்பர் 30 அன்று கெடு முடிந்தபோது நீட்டிப்பு நிறைவேறியிருக்கவில்லை. சம்பளம் கொடுக்க மானியத்தை நம்பியிருக்கும் பத்துப் பேர் கம்பெனிக்கு அப்படி ஒரு தடை எப்படி இருக்கும் என்று, அந்த இடத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

நம் நாட்டில்

நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் கிட்டத்தட்ட அதே பெயரில் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் 'பைராக்' என்ற அமைப்பு வந்தது. அதன் 'பிக்' மானியத்தில் ஆரம்ப நிலை யோசனைக்கு 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை வழங்கினார்கள். பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சோதிக்கும் 'சோஹம்' கருவி, அத்துறையின் ஆதரவோடு வளர்ந்த ஒரு சிறு நிறுவனம் செய்தது, 2017இல் வெளியிடப்பட்டது. குழந்தையின் தலையில் மூன்று மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளை தரும் பதிலை அளக்கிறது. குழந்தைக்கு மயக்க மருந்து தேவையில்லை. பேட்டரியில் ஓடும்.

தம்பி, தங்கைகளே! உங்கள் பிராஜக்ட் லேபில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தால், அதை மதிப்பெண்ணோடு மூடி வைக்காதீர்கள். "எங்களிடம் ஏது பணம்" என்று பின்வாங்கவும் வேண்டாம். முதல் படிக்கான பணம் பொதுப் பெட்டியில் இருக்கிறது. கேட்கத் தெரிய வேண்டும். அது வரி கட்டும் சாதாரண ஜனங்களின் பணம் என்பதையும் மறக்காதீர்கள். கருவி ஜெயித்தால், விலை போடும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மானியம் மாதிரிக் கருவி வரைக்கும்தான் வரும். அதற்குப் பிறகு வேண்டியது அனுபவம், ஆள் பழக்கம், ஆஸ்பத்திரிகளில் ஒரு வார்த்தை சொல்லும் செல்வாக்கு. அந்த மூன்றாம் கட்டத்துக்கு நம் சங்கம் கைகொடுக்கலாமே!