அல்லிராணி கட்டாத அல்லிராணிக் கோட்டை

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில, மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம், அரிப்புன்னு ஒரு ஊர் இருக்கு. அங்கே கடலோர மேட்டுல ஒரு இடிஞ்ச செங்கல் கட்டடம். உள்ளூர்ல அதை அல்லிராணிக் கோட்டைன்னு சொல்வாங்க. கதையில அர்ச்சுனனைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட அதே அல்லிதான்!

ஆனா பாருங்க, அது கோட்டையே இல்லை. இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் நார்த் 1801-1804 வாக்குல கட்டின பங்களா. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு நடக்கும்போது வந்து தங்கி மேற்பார்வை பார்க்கிறதுக்காகக் கட்டினது. பேர் 'டோரிக்'.

டோரிக் என்பது கிரேக்கத் தூண் வகைகளில் ரொம்ப எளிமையானது. இங்கிலாந்துல அப்போ ஜார்ஜ் மன்னர்கள் காலம் (1714-1830). பெரிய இடத்து வீடுன்னா இடமும் வலமும் ஒண்ணுபோல இருக்கணும், வாசல்ல கிரேக்கக் கோயில் மாதிரி தூண் நிக்கணும். நம்ம நார்த்துக்குக் கிரேக்கப் பித்து கொஞ்சம் ஜாஸ்தி. 1791லேயே கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். பிற்பாடு 1824ல் கோர்ஃபு தீவுல பல்கலைக்கழகமே தொடங்கினார். இந்த வீட்டுக்குத் திட்டம் போட்டதும் அவரேதான்.

கிரேக்கத்துல தூணுக்குப் பளிங்கு உண்டு. அரிப்புல ஏது? செங்கல்லைக் கட்டி, சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பை மேலே பூசிட்டாங்க. அது சலவைக்கல் மாதிரி பளபளத்ததுன்னு 1807ல் வந்த தன் புத்தகத்துல ஜேம்ஸ் கார்டினர் எழுதியிருக்கார். தீவிலேயே அழகான கட்டடம் இதுதான்னும் சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்கார்.

சரி, துரை மேற்பார்வை பார்த்தது யாரை? சலாபம்னு அறிவிப்பு வந்தா தோணி ஏறி அக்கரைக்குப் போன தூத்துக்குடிப் பரதவரையும் கீழக்கரை முஸ்லிம்களையும்தான். கல்லில் காலை வச்சு, கயிற்றைப் பிடிச்சு, மூச்சடக்கி அஞ்சு பத்து பாகம் ஆழம் இறங்கினவங்க அவங்க. தூணோட அளவெல்லாம் கவனிச்சு எழுதினவங்க, முங்கினவன் பேரை எழுதலை.

இப்போ கட்டடத்துல பாதிக்கு மேல போயாச்சு. மிச்சத்தோட அடிவாரத்தைக் கடல் தின்னுக்கிட்டிருக்கு. ஊர் பேரே அரிப்பு, கேட்கணுமா!

மன்னார் பக்கம் போறவங்க இருக்கிறதுக்குள்ள ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க. அல்லிராணிங்கிற பேர் இருந்துட்டுப் போகட்டும். கூடவே, அந்த வீட்டுக்கு வருமானம் எடுத்துக் குடுத்தது நம்ம கரைக்காரங்கதான்னு பிள்ளைகளுக்குச் சொல்லிவைங்க.