கூட யாரு போறது?



சில நாட்களுக்கு முன் பிரக்ஞானந்தாவின் படம் ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். அதன் கீழே நம்ம பள்ளியில் படித்த பையன் ஒருவன், "டீச்சர், பக்கத்துல நிக்கிறது அவன் அக்காவா? அதுவும் விளையாடுமா?" என்று கேட்டிருந்தான். அவன் பேரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த "அதுவும்" ரெண்டு நாளாக என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பாதியில் எழுந்து ஓடுகிறவர்கள் யார் என்று எனக்கு வகுப்பிலேயே தெரியும்.

விஷயம் என்னவென்றால், அந்த வீட்டில் முதலில் செஸ் ஆடியது அக்கா வைஷாலிதான். 2001-ல் சென்னையில் பிறந்த பிள்ளை. சின்ன வயதில் எந்நேரமும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்று அப்பா ரமேஷ்பாபுவும் அம்மா நாகலட்சுமியும் அவளைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். நாலு வயது இளைய தம்பி, அக்கா காய் நகர்த்துவதைப் பார்த்துத்தான் பலகைப் பக்கம் வந்தான். 2012-ல் 12 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வைஷாலிக்கு. 2013-ல் சென்னை வந்த மாக்னஸ் கார்ல்சன், ஒரே நேரத்தில் பல பிள்ளைகளோடு ஆடிய காட்சிப் போட்டியில் அவரைத் தோற்கடித்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வருஷக் கடைசியில்தான் கார்ல்சன் அதே சென்னையில் ஆனந்தை வென்று உலக சாம்பியன் ஆனார்.

இந்த இடத்துக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்று பாருங்கள். 1976-ல் மும்பையின் ரோகிணி காடில்கர், ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆட வந்தார். வயது 13. பெண்பிள்ளை எப்படி ஆடலாம் என்று கிளம்பிய எதிர்ப்பு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் உலகச் செஸ் அமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவ், பெண்களைத் தடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நம்ம பக்கம் சென்னையில் சுப்பராமன் விஜயலட்சுமி. பலமுறை தேசிய சாம்பியன், இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர். அவர் தங்கை மீனாட்சியும் பிறகு அந்தப் பட்டம் பெற்றார். 1999-ல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வென்றவர் ஆர்த்தி ராமசாமி. அவர் கணவர் கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ்தான் வைஷாலிக்கும் தம்பிக்கும் குரு.

மகளிர் கிராண்ட்மாஸ்டர் வேறு, கிராண்ட்மாஸ்டர் வேறு. இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. இரண்டாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல். பெரிய போட்டிகளில் பொதுவாக மூன்று முறை அந்தத் தரத்தில் ஆடிக் காட்டவேண்டும், ரேட்டிங்கும் 2500-ஐத் தொட வேண்டும். வைஷாலி அதைத் தொட்டது 2023 டிசம்பரில், ஸ்பெயினில். ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மூன்றாவது பெண் கிராண்ட்மாஸ்டர். தம்பிக்கு 12 வயதில், 2018-லேயே கிடைத்துவிட்டது. அக்காவுக்கு 22 வயதில். நடுவிலிருந்த அந்த ஐந்து வருஷமும் எங்கே போனாலும் அவளைப் "பிரக்ஞானந்தாவின் அக்கா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம்ம பையன் கேட்டதும் அந்தக் கேள்விதானே.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த அம்மா நாகலட்சுமி. ஊர் ஊராகப் பிள்ளைகளோடு போய், வெளிநாட்டு ஓட்டல் அறையில் குக்கரில் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தவர். போட்டி மண்டபத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வீடு ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அப்பா நம்ம பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர், அம்மா பீடி சுற்றியவர். பள்ளிவிட்டு வந்தால் அவளுக்கும் மடியில் பீடித் தட்டுதான். இடைவேளையில் பையன்கள் ஆடுவதைப் பார்த்தே செஸ் கற்றுக்கொண்டு, ஒரு மாதத்தில் அத்தனை பேரையும் ஜெயித்தாள். என்னையும்தான். பாளையங்கோட்டையில் இரண்டு நாள் போட்டிக்குப் பேர் கொடுத்தோம். கையெழுத்து வாங்க நான்தான் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கூட யாரு டீச்சர் போறது?" என்று கேட்டார்.

நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது, வீட்டில் கேட்க வேண்டும், ரெண்டு நாள் லீவு போட வேண்டும். இதெல்லாம் மனசில் ஓடியது. "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

அடுத்த வருஷம் அவள் தம்பி போனான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கூட யார் போவது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நெல்லை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அர்மேனியா என்று ஒரு நாடு. மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சம் போலத்தான். அங்கே 2011-லிருந்து தொடக்கப் பள்ளியில் கணக்கு மாதிரி செஸ்ஸும் கட்டாயப் பாடம். 2021-ல் அந்த நாட்டு எலினா டேனியலியன் ஐரோப்பிய மகளிர் சாம்பியன். அவர் ஆட வந்தது அந்தப் பாடத்துக்கு வெகு காலம் முன்பே, ஆகவே அதனால் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலகை வகுப்பறைக்கே வந்துவிட்டால், பெண்பிள்ளை காய் தொடுவதற்காவது யாரும் துணைக்குப் போக வேண்டியதில்லை. டீச்சராக எனக்கு அதில் ஒரு பொறாமை.

வைஷாலிக்கு வருவோம். 2024 ஏப்ரலில் டொரண்டோவில், உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி. நடுவில் வரிசையாக நாலு ஆட்டம் தோற்றாள். நானாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். அவள் கடைசி ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்து, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டாள். அந்த செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் தங்கம், அந்த அணியிலும் இருந்தாள். 2025 ஆகஸ்டில் சொந்த ஊர் சென்னையிலேயே, ஒன்பது ஆட்டத்தில் ஒன்றரைப் புள்ளி. அதில் ஏழு தொடர் தோல்வி. அடுத்த மாதம் சமர்கண்டில் கிராண்ட் ஸ்விஸ் போட்டிக்குப் போகவே வேண்டாம் என்று நினைத்தாளாம். ரமேஷ் சாரும் மற்றவர்களும் பேசி அனுப்பினார்கள். போய், பதினோரு ஆட்டத்தில் எட்டுப் புள்ளி எடுத்துப் பட்டம் வென்றாள். 2023-லும் அதே பட்டம் அவளுக்குத்தான்.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: விளையாடும்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்தது சுரண்டைப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். இப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். அவளோடு படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேரை இங்கே போடாதீர்கள். நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். போய்ப் பார்க்கணும். பலகை என்னிடம் இருக்கிறது.