முறுக்கிய வடமும் விழும் பாரமும்

வெடிமருந்து இல்லாமல் கல்லையும் அம்பையும் நெடுந்தூரம் எறிந்த பெரும் பொறிகளில் இரண்டு தனித்து நிற்கின்றன. கிரேக்கரும் ரோமானியரும் கையாண்ட பலிஸ்டா, முறுக்கிய வடத்தின் விசையில் எறிந்தது. இடைக்கால ஐரோப்பியரும் அரபியரும் கையாண்ட ட்ரெபுஷே, விழும் பாரத்தின் விசையில் எறிந்தது. வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆனபின் இவற்றை மறுபடி கட்டி, எறிந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எர்வின் ஷ்ராம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்ததையும், டென்மார்க்கின் நிகோபிங் ஃபால்ஸ்டர் ஊரில் 1989இல் செய்ததையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், பழம்பொறி ஒன்றை மீட்பதற்கு என்னென்ன வேண்டும் என்பது விளங்கும்.

ஷ்ராம் பீரங்கிப் படை அதிகாரி. அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் எழுத்து. பழைய நூலாசிரியர்களான ஃபிலோன், ஹெரோன், விட்ருவியஸ் ஆகிய மூவரும் பொறியின் அளவுகளைக் கணக்காகவே எழுதி வைத்திருந்தார்கள். அம்பு எய்யும் பொறி என்றால், வடம் நுழையும் துளையின் விட்டம் அம்பின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. கல் எறியும் பொறி என்றால், கல்லின் எடைக்குக் கன மூலம் கண்டு துளையைக் கணக்கிட வேண்டும். பொறியின் மற்ற உறுப்புகள் எல்லாம் அந்தத் துளையின் மடங்குகளே. இந்தக் கணக்கின்படி ஷ்ராம் கட்டிய பொறிகளைச் சால்பர்க் கோட்டையில் 1904இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் பார்த்தார். ஷ்ராமின் அம்பு 350 மீட்டரைத் தாண்டிச் சென்றது.

1912இல் ஸ்பெயினின் அம்பூரியாஸில் ஒரு பழைய பொறியின் இரும்புச் சட்டமும் வெண்கல வளையங்களும் மண்ணிலிருந்து வெளிவந்தன. துளையின் விட்டம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். மூன்று சாண் அம்புக்கு, அதாவது சுமார் 69 சென்டிமீட்டர் அம்புக்கு, நூல் சொல்லும் அளவும் கிட்டத்தட்ட அதுவே. ஏட்டுக் கணக்கும் தோண்டியெடுத்த உலோகமும் இப்படி ஒத்துப்போனது தொல்லியலில் அரிய பேறு.

ஆனால் வடத்தில் ஷ்ராமுக்குச் சிக்கல் இருந்தது. பழைய பொறியாளர்கள் விரும்பியது விலங்குகளின் தசைநார். அவர் பயன்படுத்தியதோ குதிரைமயிர். நாரைத் தேர்ந்து, பிரித்து, திரித்துப் பதப்படுத்திய கைகளின் அறிவு நூல்களில் முழுமையாக இல்லை. இரு பக்க வடங்களும் சமமான முறுக்கில் இருக்கின்றனவா என்று அறிய, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். படைப் பொறியாளனுக்கு இசைக்காது தேவைப்பட்டிருக்கிறது! ஈரக்காற்று பட்டால் வடம் தளரும், நாளடைவிலும் தளரும். நேற்று எட்டிய தூரத்தை இன்று எட்டாது.

ட்ரெபுஷேயின் நிலை இதற்கு நேர்மாறு. நம் ஊர்த் துலா ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே புரியும்: நெடுமரத்தின் குட்டைப் பக்கத்தில் பாரம், நீண்ட பக்கத்தில் கவண். மரம், இரும்பு, கயிறு, மணல், கல் தவிர வேறில்லை. மறைந்துபோன மூலப்பொருள் எதுவும் கிடையாது. மறைந்தது கணக்கு. சலாஹுத்தீனுக்காக 1187ஐ ஒட்டி அல்-தர்சூசி எழுதிய நூலில் விளக்கம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் வில்லார் த ஒன்னெகூர் வரைந்ததில் அடித்தளப் படம் மட்டுமே எஞ்சியது. நிமிர்ந்த தோற்றத்தைக் காட்டிய ஏடு தொலைந்துவிட்டது.

எனவே கட்டியவர்கள் எறிந்து பார்த்தே கற்றார்கள். 1850இல் மூன்றாம் நெப்போலியனுக்காக பிரான்சின் வின்சென்னில் ஃபாவே என்பவர் கட்டிய பொறி, 4,500 கிலோ பாரத்தில் சுமார் 12 கிலோ குண்டை 175 மீட்டர் எறிந்தது. டென்மார்க்கின் பொறி ஏறக்குறைய 2,000 கிலோ பாரத்தில் 15 கிலோ குண்டைச் சுமார் 180 மீட்டர் எறிந்தது. பாரம் பாதிக்கும் குறைவு, குண்டு கனம் கூடுதல், தூரமோ குறையவில்லை. பாரத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. கவண் கயிற்றின் நீளமும் மர நுனியில் உள்ள கொக்கியின் வளைவும் பொருந்த வேண்டும். கயிற்றின் ஒரு முனை அந்தக் கொக்கியிலிருந்து நழுவும் கணத்தில்தான் கல் விடுபடுகிறது. முன்கூட்டி நழுவினால் கல் வீணே மேலே எழும்பும், தாமதித்தால் எதிரே தரையில் மோதும்.

டேனியரின் குண்டுகள் ஆறு மீட்டர்ச் சதுரத்துக்குள் விழுந்தன. இதுதான் மதில்களுக்கு எமனானது. வடம்போல் பாரம் தளர்வதில்லை. கற்களை ஒரே எடையில் செதுக்கிக்கொண்டால் அடித்த இடத்திலேயே மீண்டும் அடிக்கலாம்.

மதிலை உடைக்க ட்ரெபுஷே. குறிபார்த்து எய்யவும், படையோடு எடுத்துச் செல்லவும் பலிஸ்டா. ஆய்வு என்ற அளவில் நான் ஷ்ராமையே மேலாக வைப்பேன். அவருடைய பொறியைச் சரிபார்க்க மண்ணுக்குள் சான்று இருந்தது. டேனியரின் சோதனை, இப்படிச் செய்திருக்க முடியும் என்று காட்டுகிறது. இப்படித்தான் செய்தார்கள் என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மதுரை மதிலில் நின்ற பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வரிசையாகச் சொல்கிறது. தானே வளைந்து எய்யும் வில்லும் கல் எறியும் கவணும் அதில் உண்டு. அளவோ படமோ அங்கே இல்லை. பொறியியல் கல்லூரி மாணவர்களும் தமிழ்த்துறை ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து உரைகளைப் படித்து, அவற்றில் ஒன்றையேனும் சிறு அளவில் கட்டி, என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும்.