முள்ளை நகர்த்துவது எது?

பாரிஸில் பட்டறை வைத்திருந்த யூஜின் போர்தோன், நீராவி இயந்திரம் ஒன்றுக்காக உலோகக் குழாயைச் சுருளாக வளைத்துக்கொண்டிருந்தார். வளைக்கும்போது குழாய் நசுங்கிவிட்டது. நசுங்கலை எடுக்க ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாகத் தண்ணீரை அழுத்தி ஏற்றினார்கள். தட்டையான இடம் உருண்டு வர வர, சுருளும் மெல்லப் பிரிந்து நீண்டது. திருவிழாக் கடையில் வாங்கும் காகிதச் சுருள் ஊதல், ஊதினால் நீள்கிறதே, அதே நடத்தைதான். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு விரிவு என்பதைப் போர்தோன் பிடித்துக்கொண்டார். 1849-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வலைப்பக்கங்களில் நாம் பார்க்கும் வட்ட வடிவ கேஜின் வாழ்க்கை இங்கிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன்பும் நீராவியின் அழுத்தத்தை அளந்தார்கள், பாதரசத் தம்பத்தை வைத்து. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசம் வேண்டும். ஐந்து மடங்கு அழுத்தம் என்றால் கிட்டத்தட்ட நாலு மீட்டர் கண்ணாடிக் குழாய். அதைத் தூக்கிக்கொண்டு ரயில் எஞ்சின் ஓடமுடியாது. கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட முகப்பு, அதில் ஒரு முள் என்று போர்தோன் செய்த கருவியைத் தொழிலுலகம் உடனே எடுத்துக்கொண்டது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டே எட்வர்ட் ஆஷ்கிராஃப்ட் என்பவர் அதன் அமெரிக்க உரிமையை வாங்கினார்.

அந்த முகப்புக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். தட்டையான குழாய் அழுத்தத்தால் நிமிரும்போது அதன் நுனி சில மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு சிறு கம்பி அந்த நகர்வை விசிறி வடிவப் பல்சக்கரத்துக்குக் கடத்தும். அது நடுவிலிருக்கும் சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றும். முள் அதன் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான கேஜ்களில் முள் 270 பாகை சுற்றுவது இந்த ஏற்பாட்டினால்தான். அதிர்வு அதிகமுள்ள இடங்களில் உள்ளே கிளிசரின் நிரப்புவார்கள், முள் நடுங்காமல் நிற்க. கொதிகலனில் இருக்கும் நீராவிதான் கடைசிவரை முள்ளைத் தள்ளுகிறது. நீராவிக்கும் கண்ணுக்கும் நடுவே மனிதக் கை எதுவும் இல்லை. முள்மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு இதுவே காரணம்.

பிறகு மின்சாரம் வந்தது. காந்தத்தின் நடுவே சுழலும் கம்பிச்சுருளைக் கொண்டு எட்வர்ட் வெஸ்டன் 1888-இல் செய்த மீட்டர், முள்ளை எங்கும் எடுத்துச் செல்லக்கூடியதாக ஆக்கியது. கார்களில் வேகம், பெட்ரோல், எஞ்சின் சூடு எல்லாம் முள்ளாயின. கருவி மாறினாலும் அளக்கப்படும் பொருளே முள்ளை அசைத்தது.

இந்தப் பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 1979 மார்ச் 28 காட்டியது. அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அது மூடியிருப்பதாக விளக்கு சொன்னது. ‘மூடு’ என்ற கட்டளை போய்விட்டதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது; வால்வு மூடியதா என்பதை அது பார்க்கவே இல்லை. அதை நம்பியவர்கள் உலைக்குப் போன தண்ணீரைக் குறைத்தார்கள். உலையின் மையம் பாதி உருகியது.

கணினித் திரைக்குள் கேஜ் முறைப்படி குடியேறியது 1986-இல். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் லேப்வியூ என்ற மென்பொருளை மெக்கின்டாஷுக்காக வெளியிட்டது. ஆய்வகத்து மேசையிலிருந்த முகப்பும் திருகும் அதில் படமாயின. காட்டுவதற்கு ஒன்று, மாற்றுவதற்கு இன்னொன்று என்று அவற்றை அந்த மென்பொருள் கறாராகப் பிரித்து வைத்தது. பயனர் தொட்டு விளையாடும் கேஜ்களைப் பக்கத்தில் வைப்பவர்கள் இந்தப் பிரிவை மறக்கக்கூடாது. ஒரே முள்ளை அளவும் காட்டவைத்து, விரலால் இழுக்கவும் விட்டால், தெரிவது உண்மை நிலையா, தான் வைத்த நிலையா என்று பார்ப்பவருக்குப் புரியாது.

வலைக்கு கேஜ் வந்த கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மேக் கணினியில் டாஷ்போர்டு என்ற பெயரில் சின்னச் சின்ன விட்ஜெட்டுகளை வைக்க ஆப்பிள் நிறுவனம் 2004-இல் ஒரு வரைபலகையை உருவாக்கியது. அதுதான் கேன்வாஸ். பிறகு அது எல்லா பிரவுசர்களுக்கும் பொதுவானது. டாஷ்போர்டை ஆப்பிள் 2019-இல் எடுத்துவிட்டது. அதற்காகப் பிறந்த கேன்வாஸோ இன்றும் எண்ணற்ற கேஜ்களை வரைந்துகொண்டிருக்கிறது. ஹெச்டிஎம்எல்-லிலேயே மீட்டர் என்றொரு உறுப்பும் சேர்ந்தது. குறைந்த அளவு, கூடிய அளவு, எங்கே தாழ்வு, எங்கே உயர்வு, எது உகந்தது என்றெல்லாம் அதற்குச் சொல்லலாம். ஆனால் பிரவுசர்கள் அதைப் படுக்கைப் பட்டையாகவே வரைகின்றன. முள் வேண்டுவோர், படம் வரையும் இன்னொரு வலை வசதியான எஸ்விஜி-யையோ கேன்வாஸையோ நாடுகிறார்கள்.

வரைவது எளிது. 0 முதல் 100 வரை அளவு, 270 பாகை வீச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 40 என்றால் வீச்சில் பத்தில் நாலு பங்கு, அதாவது 108 பாகை. நேர் மேலே பூஜ்யம் என்று கணக்கிட்டு, இடதுபுறம் 135 பாகையில் தொடங்கினால், முள் உச்சிக்கு 27 பாகை இடப்பக்கம் நிற்கும். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். பல்சக்கரமே இல்லாத திரையிலும் பழைய கேஜ்களின் 270 பாகை தொடர்கிறது.

கடினமானது அதற்கு முந்தைய கேள்வி: எதை அளக்கிறோம்? மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 100 அடியில் நிற்கும்போது, அடியை வைத்து வரைந்த கேஜ் ஆறில் ஐந்து பங்கு நிறைந்ததாகக் காட்டும். உள்ளே இருக்கும் தண்ணீரோ சுமார் 65 டிஎம்சி, பத்தில் ஏழு பங்கு என்றுகூடச் சொல்லமுடியாது. அணை கீழே குறுகியும் மேலே விரிந்தும் கிடப்பதால் வரும் வித்தியாசம் இது. இரண்டு முள்ளும் பொய் சொல்லவில்லை. ஆனால் டெல்டா விவசாயிக்கு எந்த முள் தேவை என்று பக்கத்தைச் செய்பவர் யோசித்தாக வேண்டும்.

வலைக் கேஜ்களிலேயே அதிகம் பேசப்பட்டது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தேர்தல் முள். 2016 நவம்பர் 8, அமெரிக்க அதிபர் தேர்தல் இரவு, வெற்றி வாய்ப்பைக் கணித்துக் காட்டிய முள் ஹிலாரி கிளிண்டன் பக்கமிருந்து டொனால்ட் டிரம்ப் பக்கம் சாய்ந்துபோனதை மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முள் இடைவிடாமல் நடுங்கியது. பக்கத்தின் நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள், அந்த நடுக்கம் பிரவுசரிலேயே எழுதிவைத்த தற்செயல் அசைவு என்று கண்டுபிடித்தார்கள், கோபம் கிளம்பியது. கணிப்பில் இருக்கும் ஐயத்தைக் காட்டவே நடுக்கம் வைத்தோம், வாக்குகள் எண்ண எண்ண அது அடங்கும் என்று செய்தவர்கள் விளக்கினார்கள். அவர்கள் நோக்கம் நேர்மையானது. கணிப்பை உறுதிபோலக் காட்டாமலிருக்க உழைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த வழி தவறு என்றே நினைக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முள் அசைந்தால் உள்ளே ஏதோ அசைகிறது என்றுதான் உலகம் படித்துவந்திருக்கிறது. நடுக்கத்தை அடக்கக் கிளிசரின் ஊற்றிய கருவிக்கு நாமே நடுக்கம் ஊட்டினால், ஒவ்வொரு துடிப்பையும் புதுச் செய்தியாகவே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஐயத்தைக் காட்ட முள்ளுக்குப் பின்னால் ஓர் அகலமான நிறப்பட்டை போதும்.

திரையில் முள்ளைத் தள்ளும் நீராவி கிடையாது. எங்கிருந்தோ வரும் ஓர் எண்தான் அதைத் தள்ளுகிறது. ஆகவே பக்கத்தில் கேஜ் வைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முள்ளுக்குக் கீழே எண்ணையும் அலகையும் எழுதுங்கள். அந்த எண் யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேருங்கள். கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பான் படித்துச் சொல்ல அந்த எண் எழுத்தாக இருப்பது அவசியம். அசைவு ஒத்துக்கொள்ளாமல் கருவியில் அதைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு முள் நேராகப் போய் நிற்கட்டும். தரவு வருவது நின்றுபோனால், பழைய இடத்தில் முள்ளை விட்டுவைக்காதீர்கள். பூஜ்யத்துக்கும் இறக்காதீர்கள், பூஜ்யமும் ஓர் அளவுதான். முள்ளை எடுத்துவிட்டு, ‘இப்போது அளவு கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள்.