கொல்லருக்கு அளந்த நெல்

புதுக்கோட்டைச் சீமையின் கிராமக் கொல்லர் வேலைக்கு வேலை விலை பேசியதில்லை. கொழு மழுங்கினால் காய்ச்சி அடித்துக் கொடுப்பார், அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவார், மண்வெட்டியைச் சரிசெய்வார். அத்தனைக்கும் சேர்த்து அறுவடையின்போது களத்திலேயே நெல் அளப்பார்கள். அதை ஊரார் போட்ட படியாக மட்டும் பார்ப்பது தவறு. கொல்லரின் வரும்படியைக் காத்த விலைமுறை அது. இரும்பு குடியானவருடையது, கரியையும் பல இடங்களில் அவரே கொண்டுவருவார். ஆகவே இரும்பு விலை ஏறினாலும் கொல்லரின் நெல் குறையாது. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது போன்ற பெரிய வேலைக்குத் தனிக்கூலி. செம்புறையும் சரளையுமான நிலத்தில் கொழு சீக்கிரம் தேயும். ஆண்டுக்கூலியில் அந்தத் தேய்மானம் கொல்லருக்குத்தான் வேலைச்சுமை என்பதால், பதம் பார்த்துத் தோய்த்துக் கொடுப்பது அவருக்கே ஆதாயம். சின்ன வேலைக்கெல்லாம் உழவர் ஓடிவர மாட்டாரா? துருத்தி ஊதவும் சம்மட்டி போடவும் அவரே நிற்க வேண்டியிருந்ததால், உழவு நாளில் அரைப்பொழுதை இழந்துதான் வரமுடியும்.

வலுவான மறுப்பு மழையிடமிருந்து வருகிறது. கண்மாயை நம்பிய சீமையில், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது அளக்க நெல் ஏது? உண்மைதான். ஆனால் அன்றைய அமானி முறையில் சமஸ்தானமும் விளைச்சலில்தான் பங்கெடுத்தது. கிராமப் பணியாளர் பங்கை ஒதுக்கிய பிறகே பொலியைப் பிரித்தார்கள். நட்டம் எல்லோருக்கும் சேர்ந்தே வந்தது. 1878இல் நிர்வாகத்தை ஏற்ற சேஷய்ய சாஸ்திரி அமானியை ஒழித்துப் பணத் தீர்வை கொண்டுவந்தார். களவும் தாமதமும் மலிந்த முறையை ஒழித்தது நல்ல சீர்திருத்தமே. ஆனாலும் விளைந்தாலும் பொய்த்தாலும் தீர்வை கட்டியாக வேண்டிய உழவர் முதலில் கைவைக்கக்கூடிய செலவு கொல்லர் பங்குதான் என்றே கருதுகிறேன்.

அப்போதே காசுக்கு மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். அணாவுக்கு 20 அம்மன் காசு புழங்கிய சமஸ்தானத்தில் சில்லறைக்குப் பஞ்சமில்லை. விலை சொல்லும் உரிமைதான் கொல்லருக்கு இல்லை. பரம்பரையாக ஊருக்குக் கட்டுப்பட்டவர், வந்த வேலையை எளிதில் மறுக்க முடியாது. இந்த முறையில் ஏற்கவே முடியாத பகுதி இது. இன்று பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரர், தாமிரக் கம்பிக்கு எடைபோட்டு அன்றைய விலையும் கூலிக்குத் தனித்தொகையும் எழுதுகிறார். பொருள் விலையைத் தன் கூலியில் ஒட்டவிடாத அந்தப் பழைய காப்பை, யார் கட்டாயமும் இல்லாமல் அவரே தேர்ந்துகொண்டிருக்கிறார். கட்டிய மோட்டார் மறுபடி எரிந்து வந்தால் யார் செலவு என்பது மட்டும் இன்னும் பல பட்டறைகளில் வாசலில் நின்றே பேசப்படுகிறது.