அழல்வீடு: மதுரைக்காக நின்ற தெய்வம்

இடுக்கி–தேனி எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கொருமுறை, சித்திரா பௌர்ணமியன்று, பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. குமுளி வழியாகவும் பளியங்குடி வழியாகவும் இரு மாநில மக்களும் மலையேறுகின்றனர். மதுரையை எரித்தவளை வணங்கும் நாம், அந்நகரைக் காத்த தெய்வத்தை மறந்துவிடுகிறோம்.

சிலப்பதிகாரத்தின் அழற்படு காதையில், நால்வருணப் பூதங்களும் தீப்பற்றிய நகரைவிட்டு நீங்குகின்றன. அடுத்துவரும் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் மட்டும் கண்ணகியை நாடி வருகிறது. முன்னே நிற்க அஞ்சிப் பின்னே நின்று பேசுகிறது. கோவலனின் முற்பிறவி வினையை எடுத்துரைத்து, 14 நாள் கழிந்தபின் கணவனைக் காண்பாய் என ஆற்றுகிறது.

மதுராபதி பாண்டியரின் குலதெய்வம். பாண்டியரின் செங்கோலையும் புகழ்கிறது. ஆதலின் இப்பகுதியை அரசனுக்கான வழக்குரையாக மட்டும் வாசிப்பதுண்டு. ஆயின் நெடுஞ்செழியன் அதற்கு முன்பே உயிர்நீத்துவிட்டான். தீயிலிருந்து காக்கப்பட வேண்டியிருந்தோர் நகர மக்களே.

தெய்வம் பெற்றதை இளங்கோ ‘அழல்வீடு’ என்கிறார். ‘விடு’ என்னும் வினையடி நீண்டு ‘வீடு’ ஆயிற்று. உயிரின் விடுதலையைக் குறிக்கும் அச்சொல், இங்கே ஓர் ஊரின் விடுதலையைக் குறிக்கிறது. ஊர்மீது தெய்வம் கொண்ட அன்புக்கு இதனினும் செறிந்த சொல்லை யான் அறியேன்.